ஈசிஆர் பீச் ஹவுஸில் ஒரு நாள்: நீச்சல் குளத்தோரம் நிதானமாகச் சாப்பிட முழுமையான வழிகாட்டி

ஈசிஆரில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பீச் ஹவுஸ் எடுக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. குழந்தைகளும் ஆண்களும் தண்ணீரில் கிடப்பார்கள். அம்மாவும் அத்தையும் சித்தியும் பழக்கமில்லாத ஒரு சமையலறையில் உப்பு எங்கே, கரண்டி எங்கே என்று தேடிக்கொண்டு நிற்பார்கள். ஒரு மணிக்கு உச்சி வெயிலில் சாப்பாடு வரும். குளத்தோரம் உட்கார முடியாமல் எல்லாரும் ஏசி அறைக்குள் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவார்கள். வாடகை கொடுத்ததே கடலையும் குளத்தையும் பார்த்தபடி சாப்பிடத்தான். ஆனால் அது மட்டும் நடக்காமலே நாள் முடிந்துவிடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு விஷயங்கள் போதும். சாப்பாட்டு நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து வைக்காமல் நிழலைப் பார்த்து வைக்க வேண்டும். சமையலில் முக்கால் பங்கை முந்தின நாளே முடித்துவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒட்டித்தான். பத்துப் பன்னிரண்டு பேர் போவதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எந்த மாதம், எந்த நாள்

ஜனவரி முதல் மார்ச் முதல் பாதி வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் வாட்டும். ஆனால் நுங்கும் மாம்பழமும் கிடைக்கிற காலம் அது, அதற்காகவே போகலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை சாயங்காலத்தில் திடீரென்று இடி மழை வரும். கூரை போட்ட தாழ்வாரம் இருக்கிற வீடாகப் பாருங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் என்று வந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் முன்பணம் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் கவலை.

முடிந்தால் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலுக்குள்ளிருந்து எழும். மறுநாள் என்றால் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தள்ளி வரும். காலண்டரில் பௌர்ணமி சனி, ஞாயிறில் விழாவிட்டால் ஒரு நாள் லீவு போட்டாவது வார நாளில் போகலாம். வாடகையும் பெரும்பாலும் குறையும், சாலையிலும் கூட்டம் இருக்காது.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் என்று வரிசையாக வீடுகள் இருக்கின்றன. படங்களில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். படத்தில் தெரியாததைத்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, குளம் வீட்டுக்கு எந்தப் பக்கம்? வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில், அதாவது கிழக்குப் பக்கம் இருந்தால் மத்தியானத்துக்குப் பிறகு வீட்டின் நிழல் குளத்தின்மேல் விழும். மேற்கில், சாலைப் பக்கம் இருந்தால் சாயங்காலம் வரை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். குளத்தோரம் சாப்பிட நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசம் மற்ற எல்லா வசதிகளையும்விடப் பெரியது.

அடுத்தது சமையல். அசைவம் சமைக்கலாமா? சிலிண்டர் யாருடையது? பெரிய பாத்திரங்கள் இருக்கின்றனவா? ஃப்ரிட்ஜ் எவ்வளவு பெரியது? கரி அடுப்பு மூட்ட அனுமதி உண்டா? கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜுக்கும் ஓடுமா, வெறும் விளக்குக்கு மட்டுமா? குடிநீருக்கு 20 லிட்டர் கேன் வைத்திருப்பார்களா? பன்னிரண்டு பேருக்கு, சமையலையும் சேர்த்து இரண்டு கேன் தேவைப்படும்.

குளத்தைப் பற்றி: ஆழம் எத்தனை அடி, சிறுவர்களுக்குத் தனிப் பகுதி உண்டா, கதவோ வேலியோ இருக்கிறதா, தண்ணீரை எப்போது சுத்தம் செய்தார்கள்? போய்ச் சேர்ந்ததும் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மிக ஆழமான இடத்தில் அடித்தரை தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தால் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒரு குழந்தை மூழ்கினாலும் மேலிருந்து தெரியாது.

நேரத்தையும் கவனியுங்கள். பல வீடுகளில் மதியம்தான் சாவி தருவார்கள், மறுநாள் காலை காலி செய்ய வேண்டும். காலை முதல் சாயங்காலம் வரை மட்டும் தருகிற ஏற்பாட்டில் நிலா கிடைக்காது. நிதானமான ஒரு முழு நாள் வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே போய்த் தங்கி, மறுநாள் இரவு கிளம்புவதாகப் பேசிப் பாருங்கள். கொஞ்சம் கூடக் கேட்பார்கள். கொடுக்கலாம்.

நிழலின் கணக்கு

சென்னையில் பகல் 12 மணியை ஒட்டி, மாதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின்னாக, சூரியன் உச்சியில் இருக்கும். அதுவரை கிழக்குப் பக்கம் முழுக்க வெயில்தான். அப்புறம் வீட்டின் நிழல் கடலை நோக்கி நீள ஆரம்பிக்கும். 20 அடி உயரமுள்ள மாடி வீடு என்றால், ஏப்ரல் மாதத்தில் பிற்பகல் 3 மணிக்கு நிழல் ஏறக்குறைய 18 அடி வரும். 4 மணிக்கு 30 அடியாகிவிடும். சாப்பாட்டு மேசை வீட்டுச் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள் இருந்தால், மூன்று மணிக்கு அது நிழலில் இருக்கும். சாப்பிட்டு முடிக்கும்போது குளமே நிழலுக்குள் வந்திருக்கும்.

காற்றும் இதோடு ஒத்துப்போகிறது. கோடையில் தரை சூடேறி, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாள்களில், குறிப்பாக மே, ஜூனில், அது இரண்டு, மூன்று மணி வரைகூட இழுத்துவிடும். ஒரு மணிச் சாப்பாடு தப்பு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நிழலும் வராத, பல நாள்களில் காற்றும் வராத நேரத்தில் போய் இலை போடுகிறோம்.

ஆக, காலை பலகாரம் 7 மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் குளத்தோரம். பத்தரை, பதினொன்றுக்கு ஒரு சின்னத் தீனி. பெரிய சாப்பாடு 3 மணிக்கு. சாயங்காலம் கரி அடுப்பில் ஏதாவது. இரவு மிக எளிமையாக. பெரியவர்களில் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு வழக்கமான நேரத்தில் தனியாகத் தயிர்சாதமோ சப்பாத்தியோ கொடுத்துவிடுங்கள். மூன்று மணிக்கு எல்லாரோடும் உட்கார்ந்து இரண்டு துண்டு மீன் சாப்பிடட்டும்.

முந்தின நாள் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

மீன்குழம்பு. இதை முந்தின நாள் வைப்பதுதான் முறையும்கூட. புளியும் காரமும் மீனில் ஊறி மறுநாள்தான் ருசி இறங்கும். வஞ்சிரத் தலையும் வால் துண்டும் குழம்புக்குப் போதும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், பரிமாறும் முன் ஒருமுறை நன்றாகக் கொதிக்க வையுங்கள். மண்சட்டியில் வைத்திருந்தால் சட்டியோடு துணி சுற்றி எடுத்துப் போகலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வத்தக்குழம்பு. மணத்தக்காளி வற்றல் போட்டு வைத்தால் அசைவக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். சைவர்களுக்குத் தனிக் கரண்டி, தனித் தோசைக்கல் எடுத்து வையுங்கள். ஒரே கல்லில் மீனை வறுத்துவிட்டு அவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுப்பது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

மீன் மசாலாவைக் கலந்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மீனுக்கு மிளகாய்த்தூள் 2 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி, மஞ்சள் 1 தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, தேவையான உப்பு. எலுமிச்சையை மட்டும் அங்கே போய்ப் பிழியுங்கள்.

இட்லியைக் காலையில் அங்கே போய் அவிக்க வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் அவித்து, ஆறவிட்டு, இருபக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி அடுக்கிவிட்டால், மறுநாள் காலையில் எடுத்த எடுப்பில் சாப்பிடலாம். ரயில் பயணத்துக்கு நம் வீடுகளில் செய்து வந்ததுதான். தலைக்கு நான்கு என்று ஐம்பது இட்லி போதும். தேங்காய்ச் சட்னியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஈரப்பதமும் சூடும் சேர்ந்த கடற்கரையில் முதலில் கெடுவது அதுதான்.

சுண்டலுக்குப் பட்டாணி ஊறட்டும். மோர் மிளகாய், மாவடு, அப்பளம் ஆகியவற்றைக் காற்றுப் புகாத டப்பாக்களில் போடுங்கள். உப்புக் காற்றில் பொரித்த அப்பளம் கால் மணி நேரத்தில் நமத்துப்போகும். அதனால் இலை போட்ட பிறகு பொரிப்பதே நல்லது.

மீன் வாங்குவது

வறுவலுக்கான மீனை மட்டும் அன்று காலையில் வாங்குங்கள். கோவளம் குப்பத்தில் படகுகள் கரை வந்ததும் கரையோரமே விற்பார்கள். ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரைக் குப்பங்களிலும் கிடைக்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. கட்டுமரமும் ஃபைபர் படகும் அப்போதும் போய்வரும். அந்த நாள்களில் கரையோரச் சின்ன மீன்கள்தான் அதிகம் வரும். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், அன்று வந்ததை வாங்குங்கள். மீன் விற்கும் அக்காவிடம் "இன்னிக்கு வறுக்க எது நல்லா இருக்கும்?" என்று கேட்டாலே சரியானதை எடுத்துக் கொடுப்பார். வெட்டிச் சுத்தம் செய்தும் வாங்கிவிடுங்கள். வீட்டுச் சமையலறையில் செதில் உரித்தால் அரை நாள் வாடை போகாது.

குளத்தோரச் சாப்பாட்டுக்கு முள் குறைந்த மீனே வசதி. நடுமுள் மட்டும் இருக்கும் வஞ்சிரத் துண்டு குழந்தைகளுக்கு நல்லது. நெத்திலியை அப்படியே மொறுமொறுவென்று தின்றுவிடலாம். கொடுவா முழுதாகக் கிடைத்தால் இரண்டு பக்கமும் கீறி மசாலா தடவிக் கரியில் சுடலாம். இறால் தொக்கு எல்லாருக்கும் பிடிக்கும். நண்டை மட்டும் இந்த நாளுக்கு வேண்டாம் என்பேன். இரண்டு கையும் அழுக்காகும், நேரமாகும், சிதறிய ஓடு வெறுங்காலில் ஓடும் குழந்தைகளின் பாதத்தைக் கிழிக்கும். நண்டு ரசிகர்கள் உள்ளே மேசையில் உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிடட்டும்.

காலை ஏழு மணி

ஐந்தரை மணிக்கு எழுந்தால் கடலில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். ஃபில்டரில் டிகாக்ஷனை முந்தின இரவே இறக்கி வைத்திருந்தால், பால் காய்ச்சுவது மட்டும்தான் வேலை. காபி, பொடி இட்லி, வாழைப்பழம். இதற்குமேல் காலையில் எதுவும் தேவையில்லை. சைதாப்பேட்டைப் பக்கமிருந்து வருபவர்கள் வடகறி வாங்கி வந்தால் வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்!

இந்த நேரத்திலேயே மூன்று வேலைகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, தயிர்சாதம். சாதத்தைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, தயிரை இரண்டு கரண்டி மட்டும் சேர்த்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று மணிக்குள் அது பதமாக உறைந்து, புளிக்காமல் இருக்கும். இரண்டு, மீனில் மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைப்பது. மூன்று, மோர். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. எட்டரை மணிக்குச் சமையலறைக் கதவைச் சாத்திவிடலாம்.

வெயில் நேரம்

பதினொன்றிலிருந்து இரண்டரை வரை குளத்தை விட்டு எல்லாரும் வெளியே வரட்டும். குழந்தைகள் கேட்கமாட்டார்கள். இளநீரும் நுங்கும் உள்ளே வைத்திருந்தால் தானாக வருவார்கள். நுங்கை முன்கூட்டி உரிக்காதீர்கள், கறுத்துவிடும். வெள்ளரிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்க் கீற்று, நன்னாரி சர்பத் என்று கொடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீரில் இருப்பவர்களுக்குத் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு வற்றும். மீன் வைத்து வந்த ஐஸைத் தவறியும் சர்பத்தில் போட்டுவிடாதீர்கள். குடிக்கும் ஐஸுக்குத் தனிப் பெட்டி வேண்டும்.

மற்றபடி இது தூங்குவதற்கும் சீட்டாடுவதற்கும் பாட்டியிடம் கதை கேட்பதற்குமான நேரம். இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து அரிசி வைத்தால் போதும்.

மூன்று மணிச் சாப்பாடு

வாழை இலையை முழுதாக விரித்தால் கடற்காற்று சோற்றோடு தூக்கிவிடும். விளிம்புள்ள தட்டின் அளவுக்கு இலையை வெட்டி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். பாக்குமட்டைத் தட்டும் நன்றாக இருக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளருக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. காற்றில் பறந்தால் அவை நேராகக் கடலுக்குத்தான் போகும். கண்ணாடி டம்ளரைக் குளத்தருகே கொண்டுவரவே கூடாது. உடைந்த சில்லு தண்ணீருக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, குளத்தையே வடித்தாக வேண்டும்.

வறுக்கும் இடத்தைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். அதனால் கரி அடுப்பு குளத்தின் வடக்கு ஓரத்தில், சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தால் புகை சாப்பிடுபவர்கள்மேல் வராது, வீட்டுக்குள்ளும் அவ்வளவாகப் போகாது. ஈரக்காலோடு ஓடும் பிள்ளைகளை அடுப்பிலிருந்து பத்தடி தள்ளியே வையுங்கள். கரி மேலே சாம்பல் பூத்த பிறகுதான் மீனை வைக்க வேண்டும். தீ எரியும்போது வைத்தால் தோல் கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

பரிமாறும் வரிசை இப்படி இருக்கட்டும்: சுடச்சுட நெத்திலி, கையில் எடுத்துத் தின்ன. அப்புறம் சோறு, மீன்குழம்பு அல்லது வத்தக்குழம்பு, வஞ்சிர வறுவல், உருளைக்கிழங்கு. கரியில் சுட்ட கொடுவா நடுவில் ஒரே தட்டில், எல்லாரும் பிய்த்துக்கொள்ள. கடைசியில் தயிர்சாதம், மாவடு, மோர் மிளகாய். வறுப்பவர் கல்லோடு கல்லாக நிற்காமல், இரண்டு ஈடு எடுத்ததும் அடுத்தவரிடம் கரண்டியைக் கொடுக்க வேண்டும். காலையில் அடுப்பைத் தொட்டவர்கள் மூன்று மணிக்குத் தொடக் கூடாது என்று முன்பே பேசிவிடுங்கள். மாமாவும் சித்தப்பாவும் மீன் வறுக்கட்டும். அத்தை முதல் பந்தியில் கடலைப் பார்த்தபடி உட்காரட்டும். எனக்கு இந்த நாளில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

காக்கைகள் வரும். பாத்திரங்களை மூடியே வையுங்கள், அவற்றுக்கும் ஒரு பிடி சோறு மதில்மேல் வைத்துவிடுங்கள். மிஞ்சிய குழம்பையும் தயிர்சாதத்தையும் அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியில் விடாமல் ஃப்ரிட்ஜுக்குள் அனுப்பிவிடுங்கள்.

தண்ணீரில் கவனம்

சாப்பிட்ட கையோடும் எண்ணெய் உடம்போடும் குளத்தில் இறங்காமல் குளித்துவிட்டு இறங்குங்கள். எண்ணெயும் பருக்கையும் கலந்தால் குளோரின் சீக்கிரம் வலுவிழக்கும். டைல்ஸில் குழம்போ எண்ணெயோ சிந்தினால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், வழுக்கி விழுவது அங்கேதான். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு பெரியவர், போனைக் கையில் வைத்துக்கொள்ளாமல், அவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். குடித்தவர்கள் குளத்திலும் இறங்கக் கூடாது, கடலிலும் இறங்கக் கூடாது.

கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் தரை சட்டென்று ஆழமாகும், திரும்பும் அலை உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள்.

சாயங்காலமும் நிலாவும்

ஐந்து மணிக்குக் கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கும். அதிலேயே சோளக்கதிரும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சுடலாம். பட்டாணியை வேகவைத்து, பொடியாக நறுக்கிய மாங்காய், தேங்காய்ப் பல், பச்சைமிளகாய் போட்டுத் தாளித்தால் மெரினா சுண்டல் கைக்கு வந்துவிடும். பஜ்ஜி வேண்டுமென்றால் சமையலறைக்குள் போடுங்கள். கொதிக்கும் எண்ணெய் குளத்தருகே வேண்டாம். டீ ஒரு ஃபிளாஸ்க் நிறைய.

நிலா எழும் நேரத்துக்கு விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். குஞ்சுகள் பொரிந்ததும் கடல்மேலுள்ள வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தண்ணீருக்குப் போகும். வீட்டு விளக்கு எரிந்தால் எதிர்த்திசையில் சாலைப் பக்கம் வந்து செத்துப்போகும். சென்னையில் 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் குழுவினர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அவர்கள் எதிர்ப்பட்டால் குழந்தைகளை அழைத்துப்போய்ப் பேச வையுங்கள். குளத்துக்குள் எரியும் விளக்கு ஒன்று போதும், கடல் பக்கம் பார்த்த விளக்குகள் இரவு முழுக்க அணைந்தே இருக்கட்டும். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி வைப்பது சட்டப்படியும் கூடாது.

இரவுக்கு மிஞ்சிய இட்லி, பழம், பால். யாருக்கும் பசியிருக்காது.

கிளம்பும்போது

மீன் கழிவையும் இலையையும் ஒரு பையிலும் மற்ற குப்பையை இன்னொரு பையிலும் கட்டிக் கேர்டேக்கரிடம் எங்கே போடுவது என்று கேட்டுப் போடுங்கள். மணலில் புதைத்தால் இரவோடு இரவாக நாய்கள் தோண்டிவிடும். கரியில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகே அள்ளுங்கள். தொடாத உணவு மிஞ்சியிருந்தால், கெடாமல் ஃப்ரிட்ஜில் வைத்திருந்ததை மட்டும், கேர்டேக்கர் குடும்பம் வேண்டும் என்றால் கொடுங்கள். அவர்கள் உதவி செய்திருந்தால் பணத்தை நேராக அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மாமல்லபுரம் போனவர்களும் புதுச்சேரி போனவர்களும் சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவார்கள். உத்தண்டி சுங்கச்சாவடியிலிருந்து திருவான்மியூர் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். ஒன்பது மணிக்குமேல் கிளம்புங்கள். நிலா பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவி எடுத்து வைத்துக் கிளம்ப அதுவே சரியாக இருக்கும்.